அவரிடமே கேளுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதம் வந்தவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதற்கு மருத்துவர்கள் நாங்கள் ஒரு எண் போடுவோம். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ராங்கின் 1957-இல் வெளியிட்ட அளவுகோல்தான் அதற்கு அடிப்படை. இப்போது அதன் திருத்திய வடிவம் புழக்கத்தில் இருக்கிறது. 0 என்றால் ஒரு குறையும் இல்லை, 6 என்றால் இறப்பு. 2-க்குள் வந்துவிட்டால் பல மருந்து ஆய்வுகளில் ‘நல்ல பலன்’ கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

அந்த 2 வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். தானே குளிக்கிறார், கடைத்தெரு வரை நடக்கிறார். ஆனால் குளித்து உடுத்தி முடிப்பதற்குள் சோர்ந்துபோய் மறுபடி படுத்துவிடுகிறார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் பிடிபடுவதில்லை. அதனாலேயே விசேஷங்களுக்குப் போவதை விட்டுவிட்டார். கைகால் வலுவைச் சோதிக்கும்போது இதில் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படாது. வீட்டிலோ, “நல்லாத்தானே இருக்கார், சோம்பேறித்தனம்” என்ற பேச்சு. பக்கவாதத்துக்குப் பின் வரும் சோர்வு ஓய்வெடுத்தாலும் எளிதில் போகாது. அவரைச் சோம்பேறி என்பது பெரிய அநியாயம்.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பமேலா டங்கன் குழுவினர் நோயாளிகளிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடமும் பேசி, அதிலிருந்தே ஒரு கேள்வித்தாளை உருவாக்கி 1999-இல் வெளியிட்டார்கள். கை, நடையோடு ஞாபகம், பேச்சு, மனநிலை, வெளியே போய்ப் பழகுவது எல்லாம் அதில் உண்டு. கடைசிக் கேள்வி: நீங்கள் எவ்வளவு தேறியிருக்கிறீர்கள், 0 முதல் 100-க்குள் சொல்லுங்கள். இந்த எண்ணை நோயாளியே போடுகிறார்! ஸ்வீடனில் 1994-இல் தொடங்கிய ரிக்ஸ்ட்ரோக் என்ற தேசியப் பக்கவாதப் பதிவேடு, மூன்று மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் நோயாளிகளுக்குக் கேள்விகள் அனுப்புகிறது.

நம் ஊர் ஓ.பி.யில் நடப்பது என்ன? எதிரே நோயாளி உட்கார்ந்திருக்க, “சாப்பிடுறாரா, தூங்குறாரா?” என்று மனைவியைக் கேட்கிறோம். மனைவி பார்ப்பதும் முக்கியம்தான். ஆனால் உடனிருப்பவர் சொல்வதும் நோயாளி உணர்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. பேச்சு போனவரிடமும் கேட்கலாம். சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, தொட்டுக்காட்டப் படங்கள், அப்புறம் கொஞ்சம் பொறுமை. பதிலை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

கேட்டு வாங்கிய பதில் ஃபைலில் தூங்கினால் கேட்டும் பயனில்லை. சோர்வு என்றாரா? ரத்தசோகை, தைராய்டு, தூக்கம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பாருங்கள். காலையில்தான் தெம்பு என்றால் பிசியோதெரபியைக் காலைக்கு மாற்றுங்கள். எதிலுமே மனம் ஒட்டவில்லை என்றால், அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.