மலிவுச் சட்டையும் ஒரத்துப்பாளையம் அணையும்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல நல்ல செய்திகளைச் சொன்ன தமிழாசிரியர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, ஒலிபெருக்கி கொடுத்த தம்பி, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் பெரியவர்கள், ஷிப்ட் முடித்து டிபன் பையோடு நேராக இங்கே வந்திருக்கும் சகோதரிகள், அனைவருக்கும் வணக்கம். பேரூராட்சித் தலைவர் வந்துகொண்டிருக்கிறாராம். அவர் வரும்போது பேச்சை நிறுத்தி வணக்கம் சொல்வேன், யாரும் தவறாக எண்ண வேண்டாம். அவரிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

உலகமயமாதலின் காரணங்களும் விளைவுகளும் என்பது தலைப்பு. அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று காரணங்களைச் சொல்கிறேன்: பெட்டி, ஒப்பந்தம், பணம். அதற்கு முன்னால் எந்தக் கூட்டத்திலும் நான் சொல்லாமல் விடாத பழமொழி. சென்ற ஆண்டு கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். “ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.” முதல்வர் அம்மையார் முகம் சுளிக்கிறார். சரி, பரிமாறுவது புருஷன் என்றே வைத்துக்கொள்வோம். நெய் அப்போதும் ஊராருடையதுதான்.

முதலில் பெட்டி. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளோடு, இன்று கன்டெய்னர் என்கிறோமே அவற்றோடு, கிளம்பியது. ஏற்பாடு செய்த மால்கம் மெக்லீன் பரம்பரைக் கப்பல்காரர் இல்லை, லாரி முதலாளி. துறைமுகத்தில் லாரி மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பதைப் பார்த்து எரிச்சல் கொண்டவர். மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர் ஆன கூலி, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட்டுக்கு இறங்கியது. இன்று நம் பக்கத்தில் தைத்த ஒரு பனியனைக் கடல் தாண்டிக் கொண்டுபோகிற செலவு, அதை வாங்குகிறவர் கடைக்குப் போய் வரும் பஸ் டிக்கெட்டைவிடக் குறைவு. இதில் எல்லோருக்கும் லாபம் என்று பாடப்புத்தகம் சொல்லும். லண்டன் நகரின் பழைய கப்பல்துறைகள் 1967 தொடங்கி 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே சுமை தூக்கியவர்களுக்கு அந்த லாபத்தில் பங்கு வந்து சேரவில்லை.

அடுத்தது ஒப்பந்தம். இதை ஜவுளியை வைத்தே பார்க்கலாம். 1974 முதல் பணக்கார நாடுகள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வரலாம் என்று அளந்து வைத்திருந்தன. கொரியாவின் அளவு தீர்ந்துவிட்டால் கொரிய நிறுவனம் என்ன செய்யும்? அளவு தீராத நாட்டைத் தேடும். 1979-இல் டேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்தோடு கைகோத்து, சுமார் 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துப் போய்த் தொழில் கற்றுக்கொடுத்தது. வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழில் முளைவிட்டது அங்கேதான். 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. 2001 டிசம்பரில் சீனா அதில் சேர்ந்தது. 2005 ஜனவரி 1 அன்று அந்த அளவுக் கட்டுப்பாடும் ஒழிந்தது. கதவு திறந்தது, ஆர்டர் ஓடியது, எங்கே கூலி குறைவோ அங்கே.

அந்த ஓட்டத்தில் டாக்காவுக்கு அருகே சவாரில் எட்டு மாடி ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்தது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல். அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. தையல்காரப் பெண்களை மட்டும் உள்ளே வரச் சொன்னார்கள், ஆர்டருக்குத் தேதி இருந்தது. மலிவு விலைச் சட்டைக்கு அந்தப் பெண்கள் ஊற்றிய நெய்யை எந்த ரசீதிலும் பார்க்க முடியாது.

இதோ தலைவர் வந்துவிட்டார். வாருங்கள் ஐயா, வணக்கம். முன்வரிசையில் இடம் இருக்கிறது. பொன்னாடை இப்போதே போர்த்திவிடலாம் என்கிறார்கள், செய்யுங்கள், நான் காத்திருக்கிறேன். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் கேட்காமலே குடிநீர் லாரி அனுப்பியிருக்கிறார். அந்தத் தண்ணீர் ஏன் லாரியில் வர வேண்டியிருக்கிறது என்பதுதான் இனி என் பேச்சு.

ஒரு சம்பவம். ஊரும் பெயரும் சொல்லமாட்டேன், கம்பெனி நண்பருடையது. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆள், ‘பையர்’ என்பார்கள், ஒருவர் ஆடிட் செய்ய வருகிறார் என்று தகவல் வந்தது. ஒரு வாரம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சுவருக்கு வெள்ளை, கழிப்பறைக்குப் புதுத் துண்டு, முதலுதவிப் பெட்டிக்கு மருந்து. அந்தப் பெட்டியின் சாவி மூன்று வருடமாக யாரிடம் இருக்கிறது என்று தேடவே ஒரு நாள் போயிற்று. தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று காவலாளிக்கு ஒத்திகை. அவர் உற்சாகத்தில் பின்னை இழுத்துவிட, கணக்கர் மேசை முழுக்க வெள்ளைப் பொடி! அன்றைய வவுச்சர்களை ஊதி ஊதிப் படித்தார்கள். சொன்னபடி விருந்தாளி வந்தார். தடிமனான படிவம். அவசர வழி இருக்கிறதா, டிக். ஓய்வறை இருக்கிறதா, டிக். மதியம் வாழை இலை போட்டார்கள். பருப்புக்கு நண்பர் தாராளமாக நெய் ஊற்றினார், விருந்தாளி ரசித்துச் சாப்பிட்டார். டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். அவர் சிரித்தபடி அதை ஒதுக்கிவிட்டுத் தன் தோள்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் குடித்தார். ‘இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்’ என்றார். குடித்து முடித்து, படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ‘பாதுகாப்பான குடிநீர் உள்ளதா?’ டிக்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். காவலாளியும் சிரித்தாராம். பிறகு பேச்சு விலைக்கு வந்தது. பீசுக்கு ஐந்து சென்ட் குறைத்துக்கொண்டு போனார்.

அந்தத் தண்ணீர் ஏன் அப்படி ஆனது? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், கிலோ கணக்கில். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும், உப்பு தங்காது, மிச்சச் சாயத்தோடு கழிவுநீரில் வெளியே வரும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நம் நொய்யலுக்கு அந்த நீர் பல வருடம் போனது. விவசாயத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாயிற்று. அணையில் தண்ணீர் நிறுத்தாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய அணை இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதன்பின் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை கட்டாயமாயிற்று. சவ்வு வைத்து வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். மின்சாரமும் விறகும் விழுங்கும் முறை. சட்டைக்கு அதற்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுத்த பையரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பட்டறைக்காரருக்குக் கடன், விவசாயிக்கு உப்புக் கிணறு, தையல்காரருக்குக் குறைந்த கூலி, கடைக்காரருக்குத் தள்ளுபடி விற்பனை. ஊரார் வீட்டு நெய்யே!

அந்தச் சட்டையின் கதை ஐரோப்பிய அலமாரியோடு முடிவதில்லை. நாலு முறை போட்டுவிட்டு எறிகிறார்கள், அது மூட்டையாகி கானா நாட்டின் அக்ரா நகரில் கான்டமாண்டோ சந்தைக்குப் போகிறது. விற்காதது அந்த ஊர்க் கடற்கரையில் கிடக்கிறது. பழைய துணிக்கு ருவாண்டா 2016-இல் வரியை உயர்த்தியது. தன் ஊர்த் தையல்காரரைக் காப்பாற்றும் ஆசை. 2018-இல் அமெரிக்கா, ருவாண்டாவின் ஆடைகளுக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையை நிறுத்தியது. அதே அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. வரியைக் கூட்டும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை மாணவர்கள் வீட்டில் யோசித்து எழுதுங்கள், தமிழாசிரியர் திருத்துவார்.

மூன்றாவது காரணம் பணம். ஒரு பொத்தானை அழுத்தினால் நாடு விட்டு நாடு ஓடும் பணம். அதைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் அவைத் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டாவது சீட்டு. முதல் சீட்டை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். பணத்தை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

தலைவர் ஐயா, உங்களிடம் உள்ள வேலை இதுதான். நொய்யல் கரையோரக் கிணறுகளின் நீரை மாதந்தோறும் பரிசோதிக்க வேண்டும். உப்பின் அளவைத் தமிழில், பெரிய எழுத்தில், அலுவலக வாசலில் பலகையில் எழுத வேண்டும். மாவட்ட நிர்வாகத்துக்கு இந்தத் தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றி அனுப்ப வேண்டும். ஏற்றுமதி ஒப்பந்தத்தில் நீர்ச் சுத்திகரிப்புச் செலவைத் தனி வரியாகக் காட்டி, வாங்குகிறவரும் அதில் பங்கு கட்டச் சொல்லும் மனு தனியாக இருக்கிறது. அதில் தொழில் முனைவோரும் கையெழுத்துப் போடலாம், அவர்களுக்கும் அதில் லாபம் உண்டு.

இரண்டு மனுக்களும் வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பேனா வைத்திருக்கிறோம், நூலில் கட்டியும் வைத்திருக்கிறோம். முகவரியைத் தெளிவாக எழுதுங்கள், பின்கோடு விட்டுப்போனால் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தலைவர் ஐயா முதல் கையெழுத்தைப் போடும்போது புகைப்படக்காரத் தம்பி பக்கத்தில் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.