ராஜா வேடத்துக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது?

நடுவர் அவர்களே, தகடூர் மண்ணில் கூடியிருக்கும் பெரியோர்களே, போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு ஆர்பி, அதாவது ரோல்பிளே சர்வரில் ஒரு கண் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதையாக ஆடும் ஆன்லைன் ரோல்பிளேயில் ராஜா, கமிஷனர், கேங் லீடர் என்று பெரிய வேடம் எடுக்கிறவருக்கு மரியாதை வருவது அவருடைய நடத்தையாலா, கூட ஆடுகிறவர்களின் பணிவாலா? இதுதான் தலைப்பு. நடத்தையால்தான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார்: "கட்டியங்காரன் கட்டியம் கூறாவிட்டால் கூத்தில் ராஜா ஏது?" நல்ல கைதட்டல். ஆனால் ஐயா பாதிக் கூத்திலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது!

நம்ம பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கட்டியங்காரன் கட்டியம் மட்டுமா கூறுகிறான்? ராஜாவையே கிண்டலடிக்கிறான். துரியோதன வேடக்காரர் புஜகீர்த்தி அசையாமல் நின்று, அந்தக் கிண்டலுக்கு ராஜாவாகவே பதில் சொல்கிறார். கோபித்துக்கொண்டு அவனைக் களத்தைவிட்டே விரட்டினால், அடுத்த காட்சிக்குக் கட்டியம் கூற யார் இருப்பார்கள்?

சர்வரில் நடப்பது இந்த விரட்டல்தான். கதைக்குள் நடப்பது ஐசி; வெளியே ஆட்கள் பேசிக்கொள்வது ஓஓசி. குதிரைக்காரன் சபையில் எதிர்த்துப் பேசிவிட்டான் என்றால் ராஜாவுக்குச் சிறை இருக்கிறது, கசையடி இருக்கிறது, நாடுகடத்தல் இருக்கிறது. அத்தனையும் ஐசி. இவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, அட்மின் பட்டனைத் தட்டிக் 'கிக்' செய்கிறார். பழைய நோய் இது. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய, பலர் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் 'மட்' விளையாட்டிலேயே, உச்ச நிலையை எட்டியவர் 'விசார்ட்' ஆவார். மற்றவர்களுக்கு இல்லாத நிர்வாக அதிகாரங்களும் அவர் கைக்கு வந்துவிடும். கிரீடமும் சாவிக்கொத்தும் ஒரே ஆளிடம் இருந்தால் சிக்கல்தான். ராஜா ஆடுகிறவர் அட்மினாகவும் இருந்தால், தன் காட்சியில் வரும் புகாரை வேறொரு அட்மினிடம் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்து எழுத்து. "மன்னர் கண்ணை உருட்டினார், சபையே நடுங்கி மண்டியிட்டது." இந்த வரியில் முதல் பாதிதான் மன்னருடையது. இரண்டாம் பாதி, சபையில் நிற்கும் ஆறு பேருடைய சொத்து. அதையும் இவரே எழுதினால் அதற்குப் பெயர் காட்மோடிங். "மன்னர் கண்ணை உருட்டினார். கை வாள்பிடிக்குப் போனது." அங்கே நிறுத்துங்கள். நடுங்குவதா, கொட்டாவி விடுவதா என்பதை அவரவர் எழுதட்டும். அதையும் மூன்று நான்கு வரியில் முடியுங்கள். மன்னர் இருபது வரி எழுதினால், ஆறு பேரும் தங்கள் முறைக்குக் காத்திருந்தே தூங்கிவிடுவார்கள்.

ஜிடிஏ விளையாட்டை வைத்து ரோல்பிளே ஆடும் ஃபைவ்எம் சர்வரிலும் இதே கணக்குதான். கமிஷனர் தன் செயலைச் சொல்லும் 'ஸ்லாஷ் மீ' கட்டளை போட்டுச் சட்டைப்பையைச் சோதிக்கிறார் என்றால், நிலவரத்தைக் கேட்கவும் சொல்லவும் உள்ள 'ஸ்லாஷ் டூ' போட்டு "பையில் என்ன இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். எதிராளி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "துப்பாக்கி சிக்கியது" என்று கமிஷனரே போட்டுக்கொண்டால் அது சோதனையா?

"நெற்றியில் துப்பாக்கி வைத்தாலும் ஜோக் அடிக்கிறார்களே" என்றார் எதிரணி அம்மா. நியாயமான குறைதான். அது ஃபியர் ஆர்பி மீறல்; உயிருக்கு ஆபத்து என்றால் பயந்து ஆட வேண்டும் என்ற அந்த விதி பார்த்துக்கொள்ளும். ஆனால் அது உயிர்ப் பயம், அம்மா. துப்பாக்கி காட்டினால் எவனுக்கும் கிடைக்கும். நாம் பேசுவது மரியாதையைப் பற்றி.

ஆணையிடுவதிலும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். "வரி கட்டு" என்றால் அதில் ஆட்டமே இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள் 200 பொன், தவறினால் மாந்தோப்பு பறிமுதல்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவன் கடன் வாங்குவான், ஒருவன் இரவோடு இரவாக மாங்காயைப் பறித்து விற்பான், ஒருவன் எதிரி நாட்டுக்கு ஓடுவான். மூன்று பேருக்கு ஒரு வாரத்துக்கு வேலை! சிறையில் அடைத்தாலும் 15 நிமிடத்துக்கு மேல் தனியாக விடக்கூடாது. லஞ்சம் கேட்கவாவது ஒரு காவலனை அனுப்ப வேண்டும். சிரச்சேதம் என்றால், முதலில் ஓஓசியில் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரம் அது.

அதியமான் ஆண்ட இந்த ஊரில் நின்று ஔவையைச் சொல்லாமல் போகலாமா? அதியமான் பரிசு தரத் தாமதித்தபோது, வாயிற்காவலனைக் கூப்பிட்டு, எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் திசையில் சோறு உண்டு என்றாள். புறநானூறு 206. நெல்லிக்கனி தந்த அதியமானுக்கே அந்தப் பேச்சு என்றால், 9 மணிக்குச் சபை என்று அறிவித்துவிட்டு 11 மணிக்கு ஆன்லைன் வருகிற ராஜாவை என்ன சொல்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சர்வர் இருக்கிறது, ஐயா! வர முடியாவிட்டால் முதல் நாளே முத்திரை மோதிரத்தை மந்திரியிடம் கொடுத்து ஒரு காட்சி ஆடிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆள் இல்லையென்றால் அரியணையை விட்டுக்கொடுங்கள்.

தோற்கவும் தெரிய வேண்டும். முற்றுகை வந்ததும் "நெட் போயிடுச்சு" என்று லாக்-அவுட் செய்கிற மன்னர்களைச் சர்வர்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். கூத்தில் துரியோதனன் வீழும் படுகளத்தன்று களிமண் துரியோதனன் தரையில் நீண்டு கிடக்க, இத்தனை இரவு கர்ஜித்த வேடக்காரர் பீமன் கையால் தொடையில் அடி வாங்கி, ஊரே பார்க்க விழுகிறார். அந்த விழுகையைப் பார்க்கத்தான் ஜனம் வெயிலில் நிற்கிறது.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எதிரணியில் யாராவது அந்த வேடக்காரரிடம் போய், "பணிந்தது ஊரா, நீங்களா?" என்று கேட்டு வந்து பதில் சொல்லட்டும். வணக்கம்.