பவளம் வந்தது, வைரம் போனது: மெட்ராஸின் யூத வணிகர்கள்

[திரையில்: மண்ணடி, பவளக்காரத் தெரு]

சென்னைக் கடலில் யாரும் பவளம் எடுப்பதில்லை. அப்புறம் மண்ணடியில் பவளக்காரத் தெரு எப்படி வந்தது? மெட்ராஸில் அன்று விலைபோன சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் எடுத்தது. அதைக் கப்பலேற்றி அனுப்பியவர்களில் முக்கியமானவர்கள் யூத வணிகர்கள்.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களுக்கு ஒரு சங்கடம். நம் துணி அவர்களுக்கு வேண்டும். ஆனால் அவர்கள் கொண்டுவரும் கம்பளியை இந்த வெயிலில் யார் வாங்குவார்கள்? வேறு வழியில்லாமல் வெள்ளியைக் கொட்டினார்கள். பவளத்தின் கதை வேறு. நவரத்தினங்களில் ஒன்று, செவ்வாய்க்கு உரியது, மாலையாகக் கோக்கலாம். கொண்டுவந்தால் விற்றுவிடும்.

[திரையில்: வரைபடம். லிவோர்னோ, லண்டன், மெட்ராஸ்]

பவளம் கிளம்பும் இடம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம். 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. 1497இல் போர்ச்சுகல் கட்டாயமாக மதம் மாற்றியது. அப்படிச் சிதறியவர்களின் வழிவந்த பலருக்கு 1590களில் அந்தப் பகுதியை ஆண்ட மெடிச்சி குடும்பத்து ஆட்சியாளர் லிவோர்னோவில் இடம் கொடுத்தார். வேறு சிலர் ஆம்ஸ்டர்டாம் போனார்கள். 1656க்குப் பிறகு லண்டனிலும் குடியேற முடிந்தது.

லிவோர்னோ பவளம் லண்டன் வரும். அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் மெட்ராஸ். இங்கே இருக்கும் முகவர் அதை விற்று, கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கங்களின் வைரத்தை வாங்கி அனுப்புவார். இந்திய வணிகத்துக்கு ஏகபோக உரிமை வைத்திருந்த கம்பெனி ஏன் இதை அனுமதித்தது? வைரத்தைச் சட்டைமடிப்பில் ஒளித்துக் கொண்டுபோய்விடலாம். தடுக்க முடியாததற்கு அனுமதி கொடுத்துக் கட்டணம் வாங்குவதே லாபம். கெட்டிக்காரக் கணக்கு!

கடிதம் ஒன்று போய்ச்சேரவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை சரக்கு அடுத்தவர் கையில். உறவுக்காரர்கள் என்பதால் நம்பினார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், அது பாதிதான். லிவோர்னோ யூதர்களான எர்காஸ், சில்வேரா குடும்பங்களின் கூட்டு நிறுவனம் கோவாவின் சாரஸ்வத பிராமண வணிகர்களோடு பவளமும் வைரமும் மாற்றிக்கொண்டது. உறவும் இல்லை, பொதுவான நீதிமன்றமும் இல்லை. ஒருவர் ஏமாற்றினால் அந்தச் செய்தி கடிதங்களில் ஊர் ஊராகப் பரவும், அவ்வளவுதான் பாதுகாப்பு.

இன்னொன்று. கோவாவில் 1560 முதல் போர்ச்சுகீசியரின் மதவிசாரணை மன்றம் இருந்தது. யூதராக வெளிப்படையாக வாழ முடியாது. மெட்ராஸில் அந்தப் பயம் இல்லை. ஜாக் டி பைவா என்ற வைர வணிகர் இங்கேயே குடியேறி, 1687இல் இங்கேயே இறந்தார். (அவர் மனைவி ஹெரோனிமா பிறகு ஆளுநர் எலிஹு யேலுடன் வாழ்ந்தார். ஆம், யேல் பல்கலைக்கழகத்தின் அதே யேல்தான்!) மறு ஆண்டு மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது, அதன் ஆல்டர்மேன்களில், அதாவது மூத்த உறுப்பினர்களில், யூத வணிகர்களும் இருந்தார்கள்.

1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. லிஸ்பன் வழியாக அது குவிய, ஐரோப்பாவில் விலை சரிந்தது. ஆனாலும் மெட்ராஸ் வியாபாரம் உடனே படுத்துவிடவில்லை. இங்கே காசு சேர்த்த கம்பெனி அதிகாரிகளுக்கு அதை இங்கிலாந்துக்கு அனுப்ப ஒரு வழி வேண்டும். வைரமாக மாற்றி அனுப்பினார்கள். நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தப் பணமும் வைரச் சந்தையும் வங்காளத்துக்கும் காசிக்கும் நகர்ந்தன. முகவர்களும் கூடவே போனார்கள்.