முதல் நாள் வந்த பணம்

வணக்கம் நேயர்களே.

ஆன்லைனில் சம்பாதிக்கப் போய் ஏமாந்து நிற்பவர்களிடம் பேசிப் பாருங்கள். படித்தவர், படிக்காதவர், கணக்கு வழக்கில் புலி, பாவம் ஒன்றும் தெரியாதவர், யாராக இருந்தாலும் ஒரு வாக்கியம் மட்டும் மாறாமல் வரும். "முதலில் பணம் வந்ததே!"

வந்தது உண்மைதான். சந்தேகம் வந்தால் நாம் எல்லோரும் செய்கிற சோதனையே அதுதானே. கொஞ்சமாகச் செய்து பார்ப்போம், காசு கைக்கு வந்தால் நம்புவோம் என்று இறங்குகிறோம். மோசடிக்காரர்களுக்கு இந்தச் சோதனை நம்மைவிட நன்றாகத் தெரியும். அதில் தேறுவதற்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கடையையே விரிக்கிறார்கள். முதல் நாள் நம் கணக்கில் விழுகிற தொகையை அவர்கள் விளம்பரச் செலவு என்று எழுதி வைத்திருப்பார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று நிதானமாகவே சொல்கிறேன். இதன் சாமர்த்தியம் முழுவதும் எது முதலில், எது பின்னால் என்கிற வரிசையில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வரும். பெரும்பாலும் ஒரு பெண் பெயர், பளிச்சென்று ஒரு படம், நிஜமாகவே இருக்கிற ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர். வீட்டிலிருந்தே வேலை, நேரம் கிடைக்கும்போது செய்தால் போதும் என்பார்கள். சரி என்று பதில் போட்டால் டெலிகிராமுக்கு வரச் சொல்வார்கள். வேலை என்னவென்றால், யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது. அல்லது பார்த்தே இராத ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பது. அல்லது ஓர் இணையதளத்துக்குள் போய் ஒரே பட்டனை நாற்பது தடவை அழுத்துவது. எதற்காக அழுத்துகிறோம் என்று கேட்டால் "செயலிகளின் தரவரிசையை உயர்த்துகிறோம்" என்று பதில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலமே சின்னத் தொகை ஒன்று வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

அடுத்த நாள் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். நூறு பேர் இருப்பார்கள். "இன்றைக்கு எடுத்துவிட்டேன்" என்று ஸ்கிரீன்ஷாட்டாகக் கொட்டும். நம் மனதில் இருக்கிற சந்தேகத்தை நமக்கு முன்னால் இன்னொருவர் கேட்பார். வேறொருவர் பொறுமையாகப் பதில் சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவார். கேட்டவரும் சொன்னவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

மூன்றாவது கட்டத்தில்தான் உங்கள் பணம் கேட்கப்படும். பெரிய "டாஸ்க்" (அவர்கள் பாஷையில் ஒரு வேலை), அதற்குச் சிறிது முன்பணம் கட்ட வேண்டும், லாபத்தோடு திரும்பி வரும் என்பார்கள். ஒரு தடவை வரவும் செய்யும். அதற்கு அடுத்த தடவை நடுவழியில் "அதிர்ஷ்ட ஆர்டர்" என்று ஒன்று வந்து விழும். திரையில் உங்கள் மொத்தத் தொகை முன்பைவிடப் பல மடங்கு காட்டும். அதற்குக் கீழேயே சிவப்பில் ஒரு கழித்தல் குறி. அந்தப் பற்றாக்குறையை நீங்கள் கட்டினால்தான் டாஸ்க் முடியும், முடித்தால்தான் மொத்தத்தையும் எடுக்க முடியும். கட்டினால் இன்னொரு அதிர்ஷ்டம் வரும். அதையும் கட்டி முடித்து எடுக்கப் போனால் வரி கட்டச் சொல்வார்கள். வரி கட்டினால் "உங்கள் கிரெடிட் ஸ்கோர் 100லிருந்து 80க்கு இறங்கிவிட்டது, அதை ஏற்றக் கட்டணம்" என்பார்கள். பணத்தை எல்லையில்லாமல் கட்டிக்கொண்டே போகலாம், எடுக்கத்தான் முடியாது. திரையில் தெரிகிற அந்தத் தொகை யாரோ தட்டச்சு செய்து வைத்த எண், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த டாஸ்க் மோசடிகளைத் தனியாகக் கணக்கெடுத்திருக்கிறது. 2020இல் இந்த வகையில் ஒரு புகாரும் இல்லை. 2023இல் சுமார் 5,000. 2024இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000. புகார் கொடுத்தவர்கள் கணக்கு மட்டும்தான் இது. வெட்கப்பட்டு வெளியே சொல்லாதவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இப்படி ஒருவர் ஏமாந்தார் என்றதும் "பேராசை பெருநஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை. லைக் போட்டால் சில்லறைக் காசு கிடைக்கும் என்று போனவருக்கு என்ன பேராசை? பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தவர், வேலை போய் மூன்று மாதமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவர், இவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இவர்கள் பெரிய தொகையைக் கட்டுவது லாபத்துக்கு ஆசைப்பட்டும் இல்லை, விட்டதைப் பிடிப்பதற்காக. ஏற்கெனவே கட்டியது உள்ளே மாட்டிக்கொண்டது, இன்னும் ஒரே ஒரு தடவை கட்டினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற தவிப்பில்தான் நகையும் கடனும் போகின்றன. ஆகவே பேராசை வேண்டாம் என்று உபதேசம் செய்து பயனில்லை. உள்ளே இருக்கும் பணத்தை எடுப்பதற்கு வெளியிலிருந்து பணம் கேட்டால், உள்ளே இருப்பது அப்போதே போய்விட்டது. இதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு வேளை பயன்படும்.

இன்னொரு கேள்வியும் எப்போதும் உதவும். இந்தப் பணத்தை எனக்கு யார் தருகிறார்கள், அவர்களுக்கு இதில் என்ன வரும்படி? இது நூறு வருடத்துக்கு முந்தைய பாடம். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார். அஞ்சல் பதில் கூப்பன் என்றால், வெளிநாட்டில் இருப்பவர் பதில் கடிதம் போடத் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு. ஒரு நாட்டில் மலிவாக வாங்கிய அந்தக் கூப்பனை இன்னொரு நாட்டில் விலை உயர்ந்த தபால்தலையாக மாற்றுகிறேன் என்பது அவர் கொடுத்த விளக்கம். முதலில் போட்டவர்களுக்குப் பணம் ஒழுங்காக வந்தது. கூட்டம் அலைமோதியது. அப்புறம் கணக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். பொன்சி சொன்னது நடக்க வேண்டுமானால் 16 கோடிக் கூப்பன் புழக்கத்தில் இருக்க வேண்டும்; இருந்ததோ சுமார் 27,000. பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், வேறொன்றும் இல்லை. அந்த ஆகஸ்டிலேயே கைதானார். இன்று கூப்பன் இருந்த இடத்தில் கிரிப்டோ இருக்கிறது, "ஏஐ டிரேடிங்" இருக்கிறது. கேள்வி அதேதான்.

லைக் போடும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து லைக் வாங்குவது யூடியூபின் விதிகளுக்கே விரோதம். பெயர் பெற்ற நிறுவனம் ஒன்று, முன்பின் தெரியாத உங்களைத் தேடி வந்து, நேர்காணல்கூட இல்லாமல் அதற்குச் சம்பளம் தருமா? கேள்வியைக் கேட்டாலே பதில் தெரிந்துவிடும். ஆனால் அவசரத்தில் நாம் கேட்பதில்லை. கேட்க விடாமல் இருக்கத்தான் "இன்று இரவுக்குள் இடம் நிரம்பிவிடும்" என்று அந்தப் பக்கத்தில் துரத்துகிறார்கள்.

டைப்பிங் வேலை என்று ஒரு பழைய வலையும் இருக்கிறது. ஸ்கேன் செய்த சில நூறு பக்கங்கள், ஐந்தாறு நாள் கெடு, 98 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம். பக்கங்கள் வேண்டுமென்றே மங்கலாக இருக்கும். எட்டா மூன்றா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ராப்பகலாக அடித்து அனுப்பினால் தரப் பரிசோதனையில் தோற்றுவிட்டதாகப் பதில் வரும். அடுத்து ஒரு "வக்கீல்" போன் செய்வார். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டஈடு கட்டுங்கள், இல்லையென்றால் வழக்கு என்பார். இவர்களுடைய வருமானமே அந்த நஷ்டஈடுதான். நீங்கள் அடித்த பக்கங்களை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று மாலைக்குள் இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பினால் வழக்கு வராது என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. பயமாக இருந்தால் அந்த நோட்டீஸை ஒரு நிஜ வக்கீலிடம் காட்டுங்கள்.

இவற்றில் எல்லாம் பணம்தான் போகும். போலீஸ் உங்களைத் தேடி வருகிற ஒரு வகையும் உண்டு. உங்கள் கணக்குக்குப் பணம் வரும், அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்கிற இடத்துக்கு அனுப்புங்கள், "பேமென்ட் ஏஜென்ட்" வேலை என்பார்கள். உங்களிடம் யாரும் காசு கேட்கவே மாட்டார்கள் என்பதால் சந்தேகமே வராது. வருகிற பணம் யாருடையது? நான் மேலே சொன்ன டாஸ்க் கும்பலிடம் ஏமாந்த யாரோ ஒருவருடையது. அவர் புகார் கொடுத்தால் முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு, பதிவேட்டில் ஏறுவது உங்கள் பெயர். வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுப்பதும், "வேலையில் சேர" என்று அடையாள அட்டையின் படத்தையும் செல்ஃபியையும் முகம் தெரியாதவருக்கு அனுப்புவதும் இதே கிணற்றில்தான் கொண்டுபோய் விடும்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்புகிறவர் யார் என்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லோரும் சொகுசாக உட்கார்ந்திருக்கும் வில்லன்கள் இல்லை. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஆகஸ்ட் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் ஆன்லைன் மோசடி வேலைகளில் வலுக்கட்டாயமாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கலாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், இலக்கை எட்டாவிட்டால் அடி. இவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்ததும் இணையத்தில் பார்த்த ஒரு வேலை விளம்பரத்தை நம்பித்தான். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, விமான டிக்கெட் நாங்களே தருகிறோம் என்று வருகிற அழைப்பு, லைக் போடும் வேலையைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அதை மட்டும் தனியாக முடிவு செய்யாதீர்கள்.

அப்படியானால் ஆன்லைனில் சம்பாதிக்கவே முடியாதா? முடியும், நிறையப் பேர் சம்பாதிக்கிறார்கள். ஆனால் உண்மையான வழிகள் எல்லாம் கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறவை. யூடியூபில் நீளமான வீடியோக்கள் வழியாக விளம்பரப் பங்கு வேண்டும் என்றால் 1,000 சந்தாதாரர், ஓர் ஆண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். அந்த விளம்பரப் பணத்தைத் தருகிற கூகுளின் ஆட்சென்ஸ் சேவையில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் கைக்கு வரும். மொழிபெயர்ப்பு, டிசைன், கணக்கு எழுதுவது, நிரல் எழுதுவது என்று எதுவாக இருந்தாலும் கையில் ஒரு தொழில் வேண்டும், முதல் வாடிக்கையாளர் கிடைக்க மாதங்கள் ஆகலாம். அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் வேலை எடுத்தால் பேச்சும் பணமும் அந்தத் தளத்துக்குள்ளேயே நடக்கட்டும். வாடிக்கையாளரின் பணத்தைத் தளம் முதலில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. "டெலிகிராமில் பேசலாம், கமிஷன் மிச்சம்" என்று யாராவது வெளியே இழுத்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

மாதம் லட்சங்களில் சம்பாதிக்கக் கற்றுத் தருகிறேன் என்கிற கோர்ஸ்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சொல்லித் தருகிறவருக்கு வருமானம் அந்தத் தொழிலிலிருந்து வருகிறதா, கோர்ஸ் விற்பதிலிருந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இனிச் சொல்வது உங்களுக்கு. முதல் வேலை வங்கிக்குச் சொல்வது. சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். எண்கள், பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் கொடுத்த கணக்கு விவரம், கிரிப்டோ என்றால் அதை அனுப்பிய வாலட் முகவரி, எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு போலீஸின் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள். மோசடிக்காரர்கள் சொல்லி ஏதாவது செயலியை நிறுவியிருந்தால் அதை நீக்கிவிட்டு, வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து அன்றைக்குத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்தவர்கள்தான் அடுத்த தவணையையும் கட்டியிருக்கிறார்கள்.

சில நாள் கழித்து இன்னொரு போன் வரும். "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், பரிசீலனைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று பேசுவார்கள். நீங்கள் இழந்த தொகையைக்கூடச் சரியாகச் சொல்வார்கள். எப்படித் தெரியும்? ஏமாந்தவர்களின் பட்டியல் இந்தக் கும்பல்களுக்குள் கை மாறும். சில சமயம் பேசுவதே பழைய ஆளாக இருக்கும், குரல் மட்டும் புதிது. உண்மையான போலீஸோ வங்கியோ மீட்டுத் தரக் கட்டணம் வாங்காது. இன்னொன்று, புகார் கொடுக்க எண் தேடும்போது கூகுளில் முதலில் கண்ணில் படுகிற எண்ணை அழைக்காதீர்கள். போலியான வாடிக்கையாளர் சேவை எண்கள் அங்கேயும் காத்திருக்கின்றன. வங்கி எண் உங்கள் அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.