ரெட் ஹாட்டைக் காசு கட்டித்தான் படிக்க வேண்டுமா?

அடுத்த கேள்வி வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. ஏ.எல். முடித்துவிட்டு சிஸ்டம் அட்மின் வேலைக்கு, அதாவது கம்பனிகளின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படிக்கிறாராம். "கம்பனிகளில் ரெட் ஹாட்தான் ஓடுகிறது, இலவச லினக்ஸில் படித்தால் வேலைக்கு உதவாது" என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். ரெட் ஹாட் என்பது கம்பனிகள் சந்தா கட்டிப் பயன்படுத்தும் லினக்ஸ் இயங்குதளம். அந்தச் சந்தாவைக் கட்ட வீட்டில் காசு கேட்பதா, இல்லை கையில் இருக்கிற இலவச உபுண்டு லினக்ஸோடு இருந்துவிடுவதா என்று கேட்கிறார்.

தம்பி, வீட்டில் காசு கேட்க வேண்டாம். அந்தக் காசு எதற்கு என்று முதலில் பாருங்கள். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸில் இருக்கிற கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), பாஷ் (கொமாண்ட் அடிக்கும் இடம்), அப்பாச்சி (வெப் சேர்வர்) எல்லாம் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள்தான். பல வருடங்களுக்கு ஒழுங்காக வருகிற பாதுகாப்பு அப்டேட்டுக்கும், நடுச்சாமத்தில் சேர்வர் விழுந்தால் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் இருப்பதற்கும்தான் கம்பனிகள் சந்தா கட்டுகின்றன. கொழும்புக் கோட்டையில் இருக்கிற ஒரு வங்கிக்கு அது அவசியம். உங்களுக்கு அந்த ஆள் வேண்டாம். விழுந்த சேர்வரை நீங்களே எழுப்பிப் பழகத்தானே படிக்கிறீர்கள்?

ஆனால் வகுப்பில் சொன்னதில் ஒரு பாதி சரி. உபுண்டுவும் டெபியனும் ஒரு குடும்பம். ரெட் ஹாட், ஃபெடோரா, அல்மா, ரொக்கி எல்லாம் இன்னொரு குடும்பம். பக்கேஜ் (மென்பொருள்) போடுகிற கொமாண்ட் மாறுவது பெரிய விஷயமில்லை, ஒரே நாளில் பழகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒரு வெப் பக்கம் செய்து, அதை எம்வி (mv) கொமாண்டால் அப்பாச்சியின் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பிரவுசரில் 403, அதாவது அனுமதி இல்லை என்று வரும். பெர்மிஷன் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் திறக்காது. தடுப்பது எஸ்.இ.லினக்ஸ் (SELinux) என்ற பாதுகாப்பு முறை. ஒவ்வொரு ஃபைலிலும் இருக்கிற லேபலைப் பார்த்துத்தான் அது அனுமதி கொடுக்கிறது. நகர்த்தும்போது ஃபைல் தன் பழைய லேபலையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. வெப் சேர்வருக்கு அந்த லேபல் உள்ள ஃபைலைப் படிக்க அனுமதி இல்லை. லேபலைச் சரியாக்க ரெஸ்டோர்கொன் (restorecon) என்று ஒரு கொமாண்ட், பிரச்சினை தீர்ந்தது. இதே வேலையைக் கொப்பி பண்ணுகிற சிபி (cp) கொமாண்ட் போட்டுச் செய்து பாருங்கள், 403 வராது. ஏன் என்று நீங்களே தேடுங்கள். தயவுசெய்து எஸ்.இ.லினக்ஸை நிறுத்திவைத்துவிட்டுப் படிக்காதீர்கள். ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) என்ற ரெட் ஹாட் சான்றிதழ்ப் பரீட்சையில் எம்சிகியூ கிடையாது, மெஷினில் செய்துதான் காட்ட வேண்டும். அங்கே இது வரும். உபுண்டுவில் வழக்கமாக இருப்பது ஆப்ஆர்மர் என்ற வேறு முறை. அதில் மட்டும் பழகினால் இந்தச் சிக்கலையே சந்தித்திருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் எதைப் போடுவது? அல்மா லினக்ஸ், இல்லையென்றால் ரொக்கி லினக்ஸ். இரண்டும் இலவசம், இரண்டும் 2021இல் வந்தவை, ரெட் ஹாட்டில் செய்கிற பயிற்சியை அப்படியே இவற்றிலும் செய்யலாம். அசல் ரெட் ஹாட்தான் வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. டெவலப்பர் கணக்கு ஒன்றைத் திறந்தால் தனிநபருக்கு 16 மெஷின் வரை காசில்லாமல் தருகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதுவும் இலவசம்தான். பதிவு செய்யாமல் சும்மா இன்ஸ்டால் மட்டும் செய்தால், ரெபோசிட்டரி (பக்கேஜ்களை இறக்கும் இடம்) எதுவும் இல்லை என்று சொல்லி ஒரு பக்கேஜையும் இறக்க விடாது. நான் சொல்வது, அல்மாவில் தொடங்குங்கள். பரீட்சைக்குக் கிட்ட வந்தபிறகு அசலைப் போட்டு அந்தப் பதிவு வேலையையும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

பழைய வீடியோக்களைப் பார்த்து, முன்பு ரெட் ஹாட்டின் இலவச நகலாக இருந்த சென்ட்ஓஎஸ் 7 போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. பக்கேஜ் இறக்குகிற யம் (yum) கொமாண்டை அடித்தவுடனேயே மிரர்லிஸ்ட் (இறக்கும் இடங்களின் பட்டியல்) கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

இறக்கும்போது மினிமல் ஐஎஸ்ஓவை (சிறிய இன்ஸ்டால் ஃபைலை) எடுங்கள். டிவிடி ஐஎஸ்ஓ 10 ஜிபிக்குக் கிட்ட வரும், டேட்டா பக்கேஜ் ஒரே இரவில் தீர்ந்துபோகும். சேர்வர் படிக்க டெஸ்க்டொப் திரையும் தேவையில்லை. ஒரு கணினிக்குள் பல மெஷின்களை ஓட்டுகிற வேர்ச்சுவல்பொக்ஸில் ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி ரேம் கொடுத்து இரண்டு மெஷின் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு எஸ்எஸ்எச் பண்ணி (நெட்வொர்க் வழியாக உள்நுழைந்து) பழகுங்கள்.

லேப்டொப் பழையதா என்று நீங்கள் சொல்லவில்லை. ரெட் ஹாட் 10ஆம் பதிப்புக்கு ஏவிஎக்ஸ்2 (AVX2) என்ற வசதி இருக்கிற புரொசெசர் வேண்டும். இன்டெலில் நான்காம் தலைமுறைக்கு முந்தையவற்றில் அது கிடையாது. அப்படியான மெஷின் என்றால் 9ஆம் பதிப்பைப் போடுங்கள். புரொசெசர் மாடலைக் கீழே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன், தம்பி.