வேதியியல் படித்த வூடூ தலைவர்

வணக்கம் மக்களே. மைக்கில் ஃபேன் சத்தம் வருகிறது என்று போன வீடியோவில் திட்டினீர்கள். அதனால் நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வூடூ என்றதும் பொம்மையில் ஊசி குத்துகிற காட்சிதானே ஞாபகம் வருகிறது? அது சினிமாக்காரர்கள் வேலை. கரீபியன் நாடான ஹைட்டியில் அது சாதாரண ஜனங்களின் மதம். மேலே போன்டியே என்று ஒரே கடவுள். மனிதர்களோடு பேசிப் பழகுவதோ லுவா என்கிற ஆவிகள். பூசாரிக்குப் பெயர் உங்கான்.

1973. உங்கானாக இருந்த ஒரு பெரியவர் சாகக் கிடக்கிறார். வயது தொண்ணூறுக்கு மேல். பிள்ளை, பேரன் என்று இருபதுக்கும் அதிகமானவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். அவர் விரலை நீட்டி, இனி நீதான் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது மாக்ஸ் போவ்வார் என்ற பேரனிடம். அந்தப் பேரன் யார் என்றால், நியூயார்க்கில் வேதியியல் பட்டம், பாரிஸ் சோர்போனில் உயிர்வேதியியல், அப்புறம் கார்னெல் மருத்துவ மையத்தில் ஸ்டீராய்டு ஆராய்ச்சி! தாவரங்களிலிருந்து ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எடுக்க முயன்றுகொண்டிருந்த ஆள்.

அவர் மறுக்கவில்லை. அடுத்த வருடமே தலைநகருக்குப் பக்கத்தில் மரியானியில், தன் வீட்டிலேயே ஒரு பெரிஸ்டில் கட்டினார். கோயில் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தூண், அதற்குப் பெயர் பொட்டோ மிட்டான். லுவாக்கள் அந்தத் தூண் வழியாகத்தான் இறங்கி வருவார்கள். அதைச் சுற்றித் தரையில் மக்காச்சோள மாவைச் சிட்டிகை சிட்டிகையாக நழுவவிட்டு வேவே என்ற சின்னங்களை வரைவார்கள். ஆடுகிற கால்கள் அதை அழித்துவிடும், அழிவதற்கென்றே வரைவது.

கூடவே ஒரு கிளினிக்கும் நடத்தினார். டாக்டர் கிடைக்காத ஊரில் இலையும் வேரும் தெரிந்த உங்கான்தான் முதல் வைத்தியர். அதனால் இவர் அறிவியலை விட்டுவிட்டார் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சுற்றுலாப் பயணிகளிடம் காசு வாங்கிச் சடங்கைக் காட்டினார், அது எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது.

1986-இல் ஹைட்டியின் சர்வாதிகாரி டுவாலியே நாட்டைவிட்டு ஓடியதும், அவர் ஆட்சிக்குத் துணைபோனவர்கள் என்று சொல்லி வூடூ பூசாரிகளைக் கும்பல்கள் வெட்டிக் கொன்றன. போவ்வார் வீட்டையும் கூட்டம் சூழ்ந்தது. தப்பித்தார். பின்னாளில் வாஷிங்டனில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பினார். 2008-இல் உங்கான்கள் கூடி அவரை ‘அட்டி’, அதாவது மொத்த வூடூவுக்கும் தலைவர் ஆக்கினார்கள்.

2010 கடைசியில் காலரா. பூசாரிகள் ஏதோ பொடி தூவித்தான் நோய் பரப்புகிறார்கள் என்று வதந்தி. குறைந்தது 45 பேரை அடித்தும் எரித்தும் கொன்றுவிட்டார்கள். போலீஸ் ஏன் வேடிக்கை பார்க்கிறது என்று போவ்வார் கத்தினார். பாக்டீரியா என்றால் என்னவென்று லேபில் கற்றவர் அவர், யோசித்துப் பாருங்கள். கிருமி வந்ததோ ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால். அதை ஐ.நா. ஒப்புக்கொண்டது 2016-இல். போவ்வார் 2015 செப்டம்பரிலேயே, 79 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, ஃபேனைப் போடுகிறேன்.