தகவல் தொழில்நுட்பமும் வணிகத் தேவையும்: எதை முதலில் படிக்கலாம்?

வணக்கம். பல நிறுவனங்களில் தகவல் தொழில்நுட்பச் செலவு ஆண்டுதோறும் கூடுகிறது. ஆனால் விற்பனைப் பிரிவு கேட்கும் ஓர் எளிய அறிக்கைகூட உரிய நேரத்தில் கிடைப்பதில்லை. குறை மென்பொருளில் இருப்பதாகவே முதலில் தோன்றும். எந்த முடிவை யார் எடுப்பது என்று யாரும் தீர்மானிக்காமல் விட்டதே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்பது என் கருத்து. அந்தக் கண்ணோட்டத்தில் படிக்க வேண்டிய சில எழுத்துகளை இப்போது பார்ப்போம்.

[திரையில்: நான்கு கட்டங்கள் கொண்ட வரைபடம்]

1993இல் 'ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல்' இதழில் ஜான் ஹெண்டர்சனும் வெங்கட்ராமனும் எழுதிய கட்டுரை, வணிக உத்தி, தொழில்நுட்ப உத்தி, நிறுவனத்தின் உள்ளமைப்பு, தொழில்நுட்பத்தின் உள்ளமைப்பு என்னும் நான்கையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறது. வணிகம் திட்டமிட, தொழில்நுட்பம் அதைப் பின்பற்றுவது பல வழிகளுள் ஒன்றுதான் என்றும், புதிய தொழில்நுட்பத் திறனே வணிக உத்தியை மாற்றக்கூடும் என்றும் அது காட்டுகிறது. நடை சற்றுக் கடினம். ஆயினும் பின்னர் வந்தவர்கள் பலர் இதிலிருந்தே தொடங்கினார்கள்.

ஒரே ஒரு நூலுக்குத்தான் நேரம் உண்டு என்பவர்களுக்கு, ஜீன் ராஸ், பீட்டர் வெயில், டேவிட் ராபர்ட்சன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட 'என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் அஸ் ஸ்ட்ராடஜி' நூலைப் பரிந்துரைப்பேன். அது இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. நிறுவனத்தின் பிரிவுகள் எல்லாம் எந்த அளவுக்கு ஒரே முறையில் வேலை செய்ய வேண்டும்? எந்த அளவுக்குத் தரவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்?

[திரையில்: இரண்டு அச்சுகள், நான்கு மூலைகள்]

இந்த இரண்டுக்குமான விடைகளிலிருந்து நான்கு இயக்க முறைகள் பிறக்கின்றன. கடனும் காப்பீடும் விற்கும் நிறுவனத்தில் இரு பிரிவுகளின் வேலைமுறை வேறு, வாடிக்கையாளர் ஒருவரே; அங்கே தரவுப் பகிர்வுதான் முக்கியம். ஒரே மாதிரி இயங்கினாலும் வாடிக்கையாளர்களைப் பகிராத கிளைகளுக்கு வேலைமுறையின் சீர்மையே முக்கியம். இரண்டும் மிகுதியாகத் தேவைப்படும் நிறுவனங்களும், இரண்டுமே அதிகம் தேவைப்படாத குழுமங்களும் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொழில்களை நடத்தும் குழுமம், எல்லாவற்றுக்கும் ஒரே ஈஆர்பி மென்பொருளை (கணக்கு, கொள்முதல், இருப்பு போன்ற வேலைகளை ஒன்றாக நிர்வகிக்கும் மென்பொருள்) வாங்கி ஆண்டுக்கணக்கில் அல்லாடுவது ஏன் என்பது இதைப் படித்தபின் தெளிவாகும்.

வெயிலும் ராஸும் அதற்கு முன், 2004இல் எழுதிய 'ஐடி கவர்னன்ஸ்' நூல் முடிவெடுக்கும் உரிமையைப் பற்றியது. தொழில்நுட்பக் கொள்கைகள், கட்டமைப்பு வடிவம் (தரவுகளும் மென்பொருள்களும் ஒன்றோடொன்று இணையும் விதம்), உள்கட்டமைப்பு (கணினிகள், வலையமைப்பு போன்ற பொது வசதிகள்), வணிகப் பயன்பாட்டு மென்பொருள்களின் தேவை, முதலீட்டு முன்னுரிமை ஆகிய ஐந்திலும் கருத்துச் சொல்பவர் யார், முடிவெடுப்பவர் யார் என்று அது தனித்தனியாகக் கேட்கிறது. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் நிறுவனத்தில் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரின் பெயரை நிரப்பிப் பாருங்கள். வெற்றிடமாக நிற்கும் வரிகளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மாற்றுக் கருத்தையும் படித்தே ஆக வேண்டும். நிக்கோலஸ் கார் 2003 மே மாதம் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ'வில், தகவல் தொழில்நுட்பம் மின்சாரத்தைப் போல எல்லாருக்கும் கிடைக்கும் பொதுவசதியாகிவிட்டதால் அதனால் தனித்த போட்டி மேன்மை கிடைக்காது என்று வாதிட்டார். உள்கட்டமைப்புக்கு இது பெரிதும் பொருந்துகிறது. சொந்த வேலைமுறையை ஒட்டி உருவாக்கும் அமைப்புகளுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

வணிகமும் தொழில்நுட்பமும் எவ்வளவு இசைந்து இயங்குகின்றன என்பதை அளக்க ஜெரி லுஃப்ட்மன் 2000இல் வகுத்த முதிர்ச்சி மதிப்பீடு ஆறு அளவுகோல்களும் ஐந்து நிலைகளும் கொண்டது. வணிகப் பிரிவினரும் தொழில்நுட்பப் பிரிவினரும் தனித்தனியே மதிப்பெண் இட்டால், மதிப்பெண்ணைவிட இரு தரப்பு மதிப்பெண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதிகம் சொல்லும்.

கோட்பாடு அலுப்பூட்டும் என்பவர்கள் 'தி ஃபீனிக்ஸ் ப்ராஜெக்ட்' நாவலிலிருந்து தொடங்கலாம். ஜீன் கிம், கெவின் பேர், ஜார்ஜ் ஸ்பாஃபோர்ட் எழுதி 2013இல் வெளிவந்த இக்கதை, வணிகத் திட்டங்கள், தொழில்நுட்பப் பிரிவின் உள்திட்டங்கள், இயங்கும் அமைப்புகளில் செய்யும் மாற்றங்கள், திட்டமிடாத வேலை எனத் தொழில்நுட்பப் பிரிவின் வேலையை நான்காகப் பிரிக்கிறது. நான்காவது வகை மற்ற மூன்றின் நேரத்தையும் எப்படி விழுங்குகிறது என்பதை அதில் பக்கத்துக்குப் பக்கம் காணலாம். நிதிப் பொறுப்பாளர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவசர வேலைகளின் செலவு தனித் தலைப்பாகக் கணக்கில் ஏறுவது அரிது.